பதினான்கு பேர் கூடினால் அது சபையா?

கேள்வி:

“ஐயா, எங்கள் ஆங்கிலிக்கன் சபை தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. பேராயர் வந்து ஜெபித்துத் தொடங்கிவைத்த அன்று 46 பேர் இருந்தோம். போன ஞாயிறு 14 பேர். அதில் 4 பேர் குழந்தைகள். சொந்தக் கட்டடம் இல்லை, ஒரு பள்ளிக்கூட அறையில் கூடுகிறோம். குருவானவர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருகிறார். மற்ற ஞாயிறுகளில் நான்தான் காலை ஜெபம் நடத்துகிறேன், பிரசங்கமும் பண்ணுகிறேன், கணக்கும் எழுதுகிறேன். பாட்டுக்கு வாத்தியம் கிடையாது. இரண்டு குடும்பங்கள் பெரிய சபைக்குப் போய்விட்டன. ஜெபப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு பாட்டும் சாட்சியுமாக நடத்தினால் கூட்டம் சேரும் என்று சிலர் சொல்கிறார்கள். நாங்கள் உண்மையிலேயே ஒரு சபைதானா, அல்லது வெறும் ஜெபக்கூட்டமா? 50 நாற்காலிகளைப் போட்டுவிட்டு அவை நிரம்பாமல் இருப்பதைப் பார்க்கும்போது மனம் உடைந்துபோகிறது. எல்லாரும் பெரிய சபையோடு சேர்ந்துவிட்டால் என்ன?”

பதில்:

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை வாசித்தபோது உங்கள் களைப்புதான் தெரிந்தது. இரண்டாவது முறை வேறொன்று கண்ணில் பட்டது. கடிதம் முழுக்க எண்கள் வருகின்றன. சபையார் ஒருவருடைய பெயர்கூட வரவில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கவலை வந்தால் யாரும் எண்ணத்தான் தொடங்குவோம். நானும் புதிதாகத் தொடங்கிய ஒரு சபையில் ஊழியம் செய்த நாட்களில், முதல் பாட்டு முடிவதற்குள் தலைகளை எண்ணி முடித்துவிடுவேன். விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது வாய் அதைச் சொல்லும், மனம் ‘இன்று 19, போன வாரம் 22’ என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். அதிலிருந்து வெளியே வர எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது. அதனால் உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது.

உங்கள் முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆம், நீங்கள் சபைதான், முழுச் சபை. பாதிச் சபை, சபையாகப்போகிற கூட்டம் என்றெல்லாம் எதுவும் இல்லை.

இது ஆறுதலுக்காகச் சொல்கிற வார்த்தை இல்லை. 1662ஆம் ஆண்டின் பொது ஜெபப் புத்தகத்தை எடுத்து, திருவிருந்து ஆராதனை முடிகிற இடத்தில் அச்சிட்டிருக்கும் விதிகளைப் பாருங்கள். அவற்றைப் பெரும்பாலும் யாரும் வாசிப்பதில்லை. அங்கே ஒரு விதி உண்டு: ஒரு சேகரத்தில், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள பகுதியில், திருவிருந்து வாங்கக்கூடியவர்கள் 20 பேருக்கு மேல் இல்லாவிட்டாலும், குருவானவரோடு சேர்ந்து வாங்க நான்கு பேர், குறைந்தது மூன்று பேராவது இல்லாமல் திருவிருந்து நடத்தக்கூடாது. குருவானவர் தனியாக நின்று நடத்திவிடக்கூடாது என்பதற்காக எழுதப்பட்ட விதி இது. ஆனால் இதையே கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். இருபது பேர்கூட இல்லாத சேகரங்கள் இருக்கும் என்று அந்தப் புத்தகத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் மூன்று பேர் கைநீட்டினால் போதும், கர்த்தருடைய பந்தி நடக்கலாம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். உங்களிடம் பெரியவர்களே பத்துப் பேர் இருக்கிறார்கள்.

அதே புத்தகத்தில் காலை ஜெபமும் மாலை ஜெபமும் முடிகிற இடத்தில் பழங்காலப் பேராயர் கிறிசோஸ்தமின் பெயரால் வழங்கும் ஒரு ஜெபம் இருக்கிறது. இரண்டு மூன்று பேர் உம்முடைய நாமத்தில் கூடும்போது அவர்களுடைய வேண்டுதலைக் கேட்பேன் என்று வாக்குக் கொடுத்தீரே என்று ஆண்டவருக்கே அவருடைய வார்த்தையை நினைவுபடுத்துகிற ஜெபம். ஆயிரம் பேர் நிற்கிற பேராலயத்திலும் இதே வரிகள்தான். எத்தனையோ பெரிய கூட்டங்கள் அந்த ‘இரண்டு மூன்று பேர்’ என்ற வரியை யோசிக்காமல் கடந்துபோகின்றன. நீங்கள் அப்படிக் கடந்துபோக முடியாது. அந்த ஜெபத்தை முழு அர்த்தத்தோடு சொல்லக்கூடியவர்கள் உங்களைப் போன்றவர்கள்தான்.

இன்னொன்று. நம்முடைய திருச்சபையில் ஒரு சபை தனியாக நிற்பதில்லை. பேராயரும் அவரோடு சேர்ந்த எல்லாச் சபைகளும் அடங்கிய திருமண்டலம்தான் நம் அடிப்படை அலகு. உங்கள் 14 பேர் அதன் ஓர் ஓரத்தில் இருக்கிறார்கள், அவ்வளவுதான். பெரிய சபையும் நீங்களும் ஒரே குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள். அதனால் ‘அவர்கள் சபை, நாங்கள் ஜெபக்கூட்டம்’ என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். பேராயர் வந்து தொடங்கிவைத்தார் என்கிறீர்கள். அப்படியானால் உங்களைப் பற்றிய பொறுப்பு அவருக்கும் உண்டு. இந்தக் கடிதத்தில் எனக்கு எழுதியதை அவருக்கும் எழுதியிருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே எழுதுங்கள்.

சரி, அந்த 50 நாற்காலிகளுக்கு வருவோம். இந்த விஷயத்தில் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேச விரும்புகிறேன். சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் அப்படி இல்லை.

50 நாற்காலிகளில் 14 பேர் உட்கார்ந்தால் அறைக்குள் வருகிறவர் கண்ணில் படுவது 36 காலி நாற்காலிகள். அங்கே ஒன்று, இங்கே இரண்டு என்று சிதறி உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் “கர்த்தர் உங்களோடிருப்பாராக” என்று சொன்னால் பதில் நாலு மூலையிலிருந்தும் தனித்தனியாக, மெதுவாக வரும். தன் குரல் மட்டும் தனியாகக் கேட்கிறதே என்று கூச்சப்பட்டு ஒவ்வொருவரும் இன்னும் மெதுவாகச் சொல்வார்கள். அடுத்த வாரம் அதைவிட மெதுவாக. ஒரு சபை இப்படித்தான் மெல்ல மெல்ல வாயை மூடிக்கொள்கிறது. விசுவாசம் குறைந்துவிட்டது என்று நாம் நினைப்போம். உண்மையில் குறைந்தது தைரியம், அதுவும் நாற்காலி போட்ட விதத்தால்.

வருகிற ஞாயிறு 18 நாற்காலி மட்டும் போடுங்கள். மீதியை அடுக்கி, கண்ணுக்குத் தெரியாதபடி வெளியே வைத்துவிடுங்கள். இரண்டு பக்கமாக, ஒருவரை ஒருவர் பார்க்கும்படி, நடுவில் ஒரு வழி விட்டுப் போடுங்கள். ஒரு முனையில் மேசை, மேலே விரிப்பு, வேதாகமம், ஒரு மெழுகுவத்தி. மைக் வைத்திருந்தால் அணைத்துவிடுங்கள். 14 பேருக்கு மைக் எதற்கு? அப்புறம் அன்றைய சங்கீதத்தை வலதுபக்கம் ஒரு வசனம், இடதுபக்கம் ஒரு வசனம் என்று மாறிமாறிச் சொல்லுங்கள். ஒவ்வொரு வசனத்தின் நடுவிலும் ஒரு மூச்சு விடும் அளவுக்கு நிறுத்துங்கள். முதல் வாரம் தடுமாறும், ஒரு பக்கம் முந்திக்கொள்ளும். மூன்றாவது வாரத்தில் பாருங்கள், ஏழு பேர் சொல்வதை எதிரே இருக்கிற ஏழு பேர் காதுகொடுத்துக் கேட்பார்கள். எதிர்ப்பக்கத்து அம்மாவுக்கு இந்த வாரம் குரல் கம்முகிறது, சளி பிடித்திருக்கிறதோ, வேறு ஏதாவது துக்கமோ என்று தெரியவரும். பெரிய சபையில் பின்வரிசையில் உட்கார்ந்து இதைக் கேட்க முடியாது.

பாட்டையும் இப்படியே பாருங்கள். வாத்தியம் இல்லாததை ஒரு குறையாக அறிவித்துக்கொண்டே இருக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு என்று 12 பாட்டுகளை மட்டும் தேர்ந்தெடுங்கள், எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்தவையாக. பாட்டை எடுத்துக்கொடுக்க ஒருவரை நியமியுங்கள். இனிய குரல் வேண்டுமென்பதில்லை, ராகம் தவறாமல், தாழ்ந்த சுருதியில் எடுத்தால் போதும். உச்சத்தில் எடுத்துவிட்டால் மூன்றாவது அடியிலேயே பாதிப்பேர் நின்றுவிடுவார்கள். ராகம் தெரியாத பாட்டு நன்றாக இருந்தால் அதை வாசித்துவிடுங்கள். நல்ல பாட்டு வாசித்தாலும் ஜெபம்தான். அந்தக் குழந்தைகள் நான்கு பேருக்கும் ஆளுக்கொரு வேலை கொடுங்கள். மெழுகுவத்தி ஏற்றுவது ஒருவர், சங்கீத எண்ணைச் சொல்வது ஒருவர், காணிக்கைப் பை எடுப்பது ஒருவர், வேதாகமத்தை மேசைக்குக் கொண்டுவருவது ஒருவர். வேலை இருக்கிற குழந்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் பெற்றோரை எழுப்பிவிடும்.

நான் சொன்ன அந்தப் புதிய சபையில் ஒரு பெரியவர் இருந்தார். ஆராதனைக்கு அரைமணி நேரம் முன்பே வந்துவிடுவார். ஒவ்வொரு நாற்காலியிலும் ஜெபப் புத்தகத்தை வைத்து, அன்றைக்கு வேண்டிய நான்கு இடங்களிலும் காகிதத் துண்டு செருகி, துண்டின் மேல் ஓரத்தில் 1, 2, 3, 4 என்று பென்சிலால் எழுதிவைப்பார். அதைத் தவிர அவர் ஆராதனையில் வேறு எதுவும் செய்ததில்லை. ஆனால் புதிதாக வந்த ஒருவர்கூட ‘எந்தப் பக்கம்?’ என்று தெரியாமல் விழித்ததில்லை. நம் ஆராதனை முறைக்குள் புதிதாக வருகிறவர்கள் திரும்பிப்போவதற்குப் பாதிக் காரணம் இந்தப் பக்கம் தேடுகிற அவமானம்தான் என்பது என் அனுபவம். ஜெபப் புத்தகத்தைத் தூக்கிப்போடச் சொல்கிறவர்களுடைய மனக்குறையும் பல நேரம் இதுவாகத்தான் இருக்கும்.

அந்தப் புத்தகத்தை விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். என் அபிப்பிராயம் உறுதியானது: விடாதீர்கள். பாட்டுக்கும் சாட்சிக்கும் நான் எதிரி இல்லை. மாதத்தில் ஒரு மாலை நேரத்தில் அதற்கென்றே கூடுங்கள், தாராளமாக. ஆனால் ஞாயிறு ஆராதனையை அதன்மேல் கட்டினால், திறமையுள்ள ஒருவர் ஒவ்வொரு வாரமும் புதிதாக எதையாவது உண்டாக்கிக் கொடுக்க வேண்டியிருக்கும். 14 பேர் உள்ள சபையில் அந்த ஒருவர் நீங்கள்தான். ஆறு மாதத்தில் வற்றிப்போவீர்கள். ஜெபப் புத்தகம் அந்தச் சுமையை உங்கள் தோளிலிருந்து எடுத்துவிடுகிறது. உங்கள் மனம் வறண்டிருக்கிற ஞாயிறிலும் அந்தப் பாவ அறிக்கை அறிக்கைதான், அந்தத் துதி துதிதான். 1549ல் முதல் பொது ஜெபப் புத்தகம் வந்ததிலிருந்து எத்தனையோ தலைமுறைகள், எத்தனையோ மொழிகளில் சொல்லிவந்த ஜெபத்துக்குள் நீங்கள் போய் நின்றுகொள்கிறீர்கள். அந்தக் கூட்டத்தையும் சேர்த்து எண்ணினால் உங்கள் அறையில் இருப்பவர்கள் வெறும் 14 பேர் இல்லை.

குருவானவர் இல்லாத ஞாயிறுகளைப் பற்றி நீங்கள் ஏதோ குறைப்பட்ட ஆராதனைபோல எழுதியிருக்கிறீர்கள். காலை ஜெபம் குறைப்பட்ட ஆராதனை இல்லை. அது தன்னளவில் முழுமையானது. குருவானவர் மட்டும் சொல்ல வேண்டிய இடங்கள் அதில் மிகக் கொஞ்சம். பாவ விமோசன வாக்கை நீங்கள் அறிவிக்க வேண்டாம். அதற்குப் பதிலாக, விசுவாசிகளுக்கு மன்னிப்பையும் சமாதானத்தையும் தந்தருளும் என்று கேட்கிற ஜெபத்தைச் சொல்லுங்கள். திரித்துவத் திருநாளுக்குப் பின்வரும் 21ஆம் ஞாயிற்றின் சுருக்க ஜெபமாக அது இருக்கிறது; சபை ஊழியர்கள் வழக்கமாக அதைத்தான் சொல்வார்கள். முடிவில் கைதூக்கி ஆசீர்வதிப்பதற்குப் பதிலாக, “கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவின் கிருபையும்” என்று தொடங்குகிற வசனத்தை ‘நம்மனைவரோடும்’ என்று சொல்லி முடியுங்கள். 1662ஆம் ஆண்டுப் புத்தகத்தில் காலை ஜெபம் அந்த வசனத்தோடுதான் முடிகிறது. குருவானவர் நடத்தினாலும் அப்படித்தான்.

பிரசங்கத்துக்காக வாரம் முழுக்கத் தவிக்கிறீர்கள் என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. எழுதிவைத்த பிரசங்கத்தை வாசிப்பது நமக்கு வெட்கமான காரியம் இல்லை. 1547லேயே இங்கிலாந்துத் திருச்சபை ஒரு பிரசங்கத் தொகுப்பை அச்சிட்டு, பிரசங்கிக்க அனுமதியோ பயிற்சியோ இல்லாத குருமார் அதை ஆலயங்களில் வாசிக்கும்படி ஏற்பாடு செய்தது. உங்கள் குருவானவரிடம் மாதத்துக்கு இரண்டு பிரசங்கம் எழுதித் தரும்படி கேளுங்கள். ஒரு பக்கம் ஒன்றரைப் பக்கம் போதும். அதை நிதானமாக வாசியுங்கள். மீதி ஒரு ஞாயிறு நீங்கள் பேசுங்கள், ஏழு எட்டு நிமிடம். வேத பாடம் வாசிக்கிறவருக்கு வியாழக்கிழமையே பகுதியைக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் இரண்டு முறை சத்தமாக வாசித்துவிட்டு வரட்டும். நன்றாக வாசிக்கப்பட்ட ஒரு சுவிசேஷப் பகுதி, அவசரமாகத் தயாரித்த அரைமணி நேரப் பிரசங்கத்தைவிட அதிகமாக ஆத்துமாவுக்கு உணவாகும்.

மனம் உடைந்துபோகிறது என்றீர்களே, உங்களுக்கு ஒரு வரலாறு சொல்ல வேண்டும். என் சோர்வான நாட்களில் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வது இது.

ஸ்காட்லாந்தில் 1689க்குப் பிறகு பேராயர் முறைமையைப் பின்பற்றிய சபையார் அரசாங்க ஆதரவை இழந்தார்கள். அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்துக்காக 1745ல் நடந்த கலகத்தோடு அவர்களைச் சேர்த்துப் பார்த்த அரசு, 1746லும் 1748லும் கடுமையான சட்டங்களைக் கொண்டுவந்தது. அவர்களுடைய குருவானவர் ஒருவர் தன் வீட்டாரைத் தவிர நான்கு பேருக்குமேல் சேர்த்து ஆராதனை நடத்தினால் சிறை. அப்படி ஸ்டோன்ஹேவன் என்ற கடலோர ஊரில் மூன்று குருமாரை 1748, 49 குளிர்காலத்தில் சிறையில் அடைத்தார்கள். மீனவப் பெண்கள் தங்கள் பச்சைக் குழந்தைகளை மீன்கூடையில் வைத்து முதுகில் சுமந்து, கடற்கரை வழியாக நடந்து, அந்தச் சிறையின் பின்புறம் வருவார்களாம். ஜன்னல் கம்பிகளுக்கு நேராகக் குழந்தையைத் தூக்கிப்பிடிப்பார்கள். உள்ளே இருக்கிற குருவானவர் கம்பிக்கு வெளியே கைநீட்டித் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுப்பார். அந்த ஊரில் இதை வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள், ஓவியமாகவும் வரைந்திருக்கிறார்கள். ஈரக்கூடை, குளிர், கம்பி, ஒரு கை. அன்றைக்கு அந்தச் சபைக்கு இருந்தது அவ்வளவுதான்.

அப்படிச் சுருங்கிப்போன சபைக்குத்தான் 1784ல் ஒருவர் வந்து நின்றார். அமெரிக்கா சுதந்திரம் அடைந்த சமயம். அங்கே நம் சபைகளுக்கு ஒரு பேராயர்கூட இல்லை. கனெக்டிகட்டில் 10 குருமார் ஒரு வீட்டில் கூடி, சாமுவேல் சீபரி என்பவரைத் தேர்ந்தெடுத்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அபிஷேகம் பெறுகிறவர் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்ற சட்டம் இருந்ததால், இங்கிலாந்துப் பேராயர்களால் அவரை அபிஷேகம் பண்ண முடியவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்து கடைசியில் ஸ்காட்லாந்துக்குப் போனார். நவம்பர் 14ஆம் தேதி அபர்டீன் நகரில், ஜான் ஸ்கின்னர் என்ற பேராயருடைய வீட்டின் மேல்மாடி அறையில், மூன்று பேராயர்கள் அவர்மேல் கைவைத்து அபிஷேகம் பண்ணினார்கள். தடைச்சட்டங்கள் அப்போதும் நீங்கவில்லை, 1792ல்தான் நீங்கின. ஆலயம் இல்லை, கோபுரம் இல்லை, சட்டத்தின் ஆதரவு இல்லை. ஆனால் ஒரு கண்டத்துக்கே முதல் ஆங்கிலிக்கன் பேராயர் அந்த மேல்மாடியிலிருந்துதான் கிடைத்தார்.

உங்கள் சபை அப்படி ஏதோ பெரிதாக ஆகும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரமும் இல்லை. அந்த மீனவப் பெண்களுக்கும் 1784 தெரியாது. தங்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்பது மட்டும் தெரியும், அதற்காக நடந்தார்கள். “அற்பமான ஆரம்பத்தின் நாளை யார் அசட்டைபண்ணலாம்?” என்று சகரியா தீர்க்கதரிசி கேட்கிறாரே, அந்த வசனத்தை இதோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள்.

போய்விட்ட அந்த இரண்டு குடும்பங்களைப் பற்றி. அவர்களைப் போய்ப் பாருங்கள். திரும்பக் கூப்பிடுவதற்காகப் போகாதீர்கள். நீங்கள் வாசலில் நிற்கும்போதே ‘கூப்பிட வந்திருக்கிறார்’ என்று அவர்கள் மனம் இறுகிவிடும். எட்டு மாதத்தில் சில மாதங்கள் உங்களோடு நாற்காலி தூக்கிப் போட்டவர்கள் அவர்கள். அதற்கு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். பிள்ளைகளுக்கு அங்கே ஞாயிறு பள்ளி இருக்கிறது என்று போயிருந்தால் அது நியாயமான காரணம்தான். ஏதாவது மனத்தாங்கலில் போயிருந்தால் அவர்கள் பேசட்டும், நீங்கள் குறுக்கே பேசாமல் கேளுங்கள். இங்கே இருக்கிறவர்களிடம் அவர்களைக் குறைத்துப் பேசாதீர்கள், பேசவும் விடாதீர்கள். சின்னச் சபையில் ஒரு கசப்பு நுழைந்தால் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. எல்லார் மூச்சிலும் கலந்துவிடும்.

உங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நடத்துவது நீங்கள், பிரசங்கிப்பது நீங்கள், கணக்கு எழுதுவது நீங்கள், அநேகமாக அறையின் சாவியும் உங்களிடம்தான் இருக்கும். எல்லாம் அன்பினால்தான் செய்கிறீர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் ஒருவர் எல்லாவற்றையும் சுமந்தால் மற்றவர்கள் விருந்தாளிகளாகவே இருந்துவிடுவார்கள். விருந்தாளிகள் ஒருநாள் எழுந்து போய்விடுவார்கள். முதலில் கணக்கைக் கைமாற்றுங்கள். காணிக்கையை எப்போதும் இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, இருவரும் கையெழுத்துப் போடட்டும். இது உங்கள் நல்ல பெயருக்கும் பாதுகாப்பு. குழந்தைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்கட்டும். அடுத்து, பேராயருடைய அனுமதியோடு இன்னொருவரைக் காலை ஜெபம் நடத்தப் பழக்குங்கள். அவர் உங்களைவிடச் சுமாராகத்தான் நடத்துவார், முதல் தடவை குரல் நடுங்கும். பரவாயில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு நீங்கள் ஒரு சாதாரண சபையாராக உட்கார்ந்து, இன்னொருவர் உங்களுக்காக ஜெபிப்பதைக் கேட்க வேண்டும். எட்டு மாதமாக உங்களுக்கு அது கிடைக்கவில்லை. உங்கள் களைப்பின் பெரும்பகுதி அதுதான் என்று நினைக்கிறேன்.

வாரநாளில் ஒரு மாலை ஜெபம் வையுங்கள் என்றும் சொல்வேன். புதிய சுமையாக வேண்டாம். உங்களில் யாராவது இரண்டு பேர், ஒரே நாள், ஒரே நேரம், பதினைந்து நிமிடம். ஜார்ஜ் ஹெர்பர்ட் என்ற கவிஞர் 1630ல் பெமர்ட்டன் என்ற சின்னச் சேகரத்துக்குக் குருவானவராகப் போனார். அந்த ஆலயத்தில் சில டஜன் பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். தினமும் மணியடித்து ஜெபம் நடத்துவார். மணிச்சத்தம் கேட்டால் வயலில் உழுகிறவர்கள் கலப்பையை நிறுத்திவிட்டு, நின்ற இடத்திலேயே ஜெபித்துவிட்டு உழவைத் தொடருவார்கள் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர் சொல்கிறார். ஆலயத்துக்குள் வந்தவர்கள் எத்தனை பேர் என்பதை மட்டும் எண்ணியிருந்தால் அந்த உழவர்கள் கணக்கிலேயே வந்திருக்க மாட்டார்கள். உங்களுக்கு மணி இருக்காது. ஆனால் ‘புதன் ஆறரை மணிக்கு இரண்டு பேர் நமக்காக ஜெபிக்கிறார்கள்’ என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தால், வேலையில் இருக்கிறவர், படுக்கையில் இருக்கிறவர், ஞாயிறு வரமுடியாதவர் எல்லாரும் அந்த நேரத்தில் ஒரு நொடி நிற்பார்கள்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாடகைக்கே திணறுகிறீர்கள் என்றாலும் காணிக்கையில் ஒரு சிறு பங்கை முதலிலேயே வெளியே கொடுக்க எடுத்துவையுங்கள். பிலிப்பி பட்டணத்தில் சபை தொடங்கியது லீதியாள் என்ற வியாபாரம் செய்த பெண்ணோடும் அவள் வீட்டோடும்தான். கொடுக்கல் வாங்கல் காரியத்தில் உங்களைத் தவிர வேறொரு சபையும் என்னோடு பங்குபெறவில்லை என்று பவுல் பிற்பாடு அந்தச் சபைக்குத்தான் எழுதுகிறார்.

கடைசியாக, மூடிவிடலாமா என்ற கேள்வி. அதை நான் ஒதுக்கிவிட மாட்டேன். சில சபைகள் மூடப்படுகின்றன. அவை எல்லாம் தோல்வி என்று நான் நினைப்பதும் இல்லை. அங்கே கொடுக்கப்பட்ட ஞானஸ்நானம் செல்லாததாகிவிடுவதில்லை. ஆனால் அந்த முடிவை ஒரு ஞாயிறு மத்தியானம், காலி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது தனியாக எடுக்காதீர்கள். பேராயரிடம் போய், இன்னும் ஒன்றரை வருடம் தாருங்கள், அதற்குப் பிறகு சபையாரோடு உட்கார்ந்து சேர்ந்து யோசிப்போம் என்று சொல்லுங்கள். அதுவரை ஒவ்வொரு வாரமும் ‘தொடரலாமா’ என்ற கேள்வியை மனதில் எடுக்காதீர்கள். வேரைத் தோண்டித் தோண்டிப் பார்த்தால் செடி பிழைக்காது. குருவானவர் வருகிற அந்த ஒரு ஞாயிறை மட்டும் நன்றாகக் கொண்டாடுங்கள். ஞானஸ்நானம் பெற்றவர்மேல் பேராயர் கைவைத்து ஜெபிக்கிற திடப்படுத்தலுக்குத் தயாராகிறவர் ஒருவர் இருந்தாலும் பேராயரை அழையுங்கள். ஒருவருக்காகவும் பேராயர் வரலாம், வர வேண்டும்.

“பயப்படாதே சிறுமந்தையே” என்று ஆண்டவர் தம்முடைய சீஷர்களிடம் சொன்னார். மந்தை சிறியது என்பதை அவர் மறைக்கவில்லை, அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்.

எனக்கு மறுபடியும் எழுதுங்கள். அடுத்த கடிதத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுத வேண்டாம். யார் யார் வந்தார்கள் என்று எழுதுங்கள். முதற்பெயர் மட்டும் போதும், குழந்தைகள் பெயரையும் சேர்த்து. போய்விட்ட இரண்டு குடும்பங்களின் பெயர்களையும் எழுதுங்கள். என் ஜெபப் புத்தகத்தில் மாலை ஜெபப் பக்கத்தில் ஒரு தாள் செருகி வைத்திருக்கிறேன். அதில் இடம் இருக்கிறது.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்